ஃப்ரீமாண்டில் ஏன் ஒரு கடைத்தெரு இல்லை?

கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இதுதான்: வேலை மாறிக் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டுக்குக் குடிபோகப் போகிறார்கள். போய்ப் பார்த்தபோது இரண்டு லட்சத்துக்கு மேல் ஜனம் வாழும் ஊரில் ஊர் நடு என்று ஒன்றையே காணவில்லை. அகலமான சாலை, வீடு, பள்ளிக்கூடம், கார் நிறுத்துமிடத்தோடு ஒரு கடைவளாகம், மறுபடியும் வீடு. இது எப்படி வளர்ந்த ஊர், என்ன மாதிரியான ஊர் என்று கேட்கிறார்கள். பல வருடங்களாக இங்கேயே குடியிருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கண்ணில் பட்டது சரிதான். ஆனால் நடு இல்லாமல் போனது கவனக்குறைவால் அல்ல. ஃப்ரீமாண்ட் தானாக வளர்ந்து நகரமான ஊர் கிடையாது. ஐந்து ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு, காகிதத்தில் உண்டாக்கிய நகரம். 1956 ஜனவரி 23 அன்றுதான் இது பிறந்தது. அதற்கு முன் இங்கே இருந்தவை சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ். ஐந்துக்கும் தனித்தனித் தபால் நிலையம், தனித்தனிக் கடைவீதி, நடுவில் பாதாமி, காலிஃபிளவர், தக்காளி விளைந்த வயல்கள். ஐந்தையும் சேர்த்தாலும் ஜனத்தொகை அப்போது சுமார் 22,000தான்.

ஏன் சேர்ந்தார்கள்? பயம்தான் காரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஓக்லண்டிலிருந்து தெற்கே வீடுகள் வரிசைகட்டி வர ஆரம்பித்தன. வடக்கே ஹேவர்ட் நகரம் பக்கத்து நிலங்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டே வந்தது. நகராட்சி என்ற அந்தஸ்து இல்லாத ஊருக்குத் தன் நிலத்தில் எங்கே வீடு, எங்கே ஆலை என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. மாவட்ட நிர்வாகம் சொல்வதுதான் முடிவு. அப்படி விட்டால் ஊர் கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தவர்கள் முந்திக்கொண்டு நகராட்சி ஆனார்கள். ஊர் பெருக வேண்டும் என்பதற்காக அல்ல, பெருக்கத்தின் கடிவாளம் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக. ஃப்ரீமாண்டின் குணத்தை ஒரே வரியில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அதற்குப் பின் இங்கே நடந்த பெரிய சண்டைகள் எல்லாமே, எல்லை எங்கே, அதை வரைவது யார் என்பதைப் பற்றியவைதான்.

முதல் எல்லைத் தகராறு பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. நியூவர்க்கும் இந்தக் கூட்டில் சேர்வதாகத்தான் பேச்சு. கனரகத் தொழிற்சாலைகளை எல்லாம் தங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்ட நியூவர்க்காரர்கள் விலகி, 1955இலேயே தனி நகராட்சி ஆகிவிட்டார்கள். வரைபடத்தைப் பாருங்கள், நாலு பக்கமும் ஃப்ரீமாண்ட் சூழ நடுவில் நியூவர்க் உட்கார்ந்திருக்கும். புதிதாக வருபவர்கள் ஒரே சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே நகரம் மாறி, மறுபடி மாறுவதைப் பார்த்துக் குழம்புவது இதனால்தான்.

சரி, நடு ஊருக்கு வருவோம். ஐந்தில் எந்த ஊரின் கடைவீதியை நகரத்தின் மையமாக வைத்தாலும் மற்ற நான்கும் ஒத்துக்கொண்டிருக்காது. எனவே திட்டம் போட்டவர்கள் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத வயல்வெளியைத் தேர்ந்தெடுத்து, மைய வணிகப் பகுதி இங்கே வரும் என்று குறித்தார்கள். அங்கே வந்தது கார் யுகத்துக்கான ஊர். ஆறு தட அகலச் சாலைகள், மருத்துவமனைகள், ஹப் என்கிற கடைவளாகம், அதைச் சுற்றிக் கார் நிறுத்துமிடம். நடந்து போக ஏற்ற தெரு மட்டும் வரவில்லை. 2012இல் அந்த இடத்துக்கென்றே ஒரு நகர்மையத் திட்டம் போட்டு, கேபிடல் அவென்யூவை நீட்டி, அடுக்குக் குடியிருப்புகளும் கீழ்த்தளக் கடைகளும் கட்டி வருகிறார்கள். மாலையில் அங்கே கூட்டம் கொஞ்சம் தெரிகிறது. ஆனாலும் அது ஊருக்கு நடுவாக மாறும் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மக்கள் மனதில் இன்றைக்கும் ஐந்து ஊர்தான். இங்கே ஒருவரிடம் வீடு எங்கே என்று கேட்டால் "மிஷன் பக்கம்", "இர்விங்டனில்" என்றுதான் பதில் வரும்.

அந்த ஐந்தும் ஒன்றுபோல் இருக்காது. மிஷன் சான் ஹோசேதான் மூத்தது. 1797இல் ஸ்பானியப் பாதிரிமார்கள் ஓலோனி பழங்குடியினரின் மண்ணில் நிறுவிய மிஷன், அதாவது மதம் பரப்பும் குடியிருப்பு அது, கலிபோர்னியாவின் 21 மிஷன்களில் 14ஆவது. பழங்குடி மக்களின் உழைப்பில்தான் அதன் மாடுகளும் வயல்களும் பெருகின. அவர்களில் பெரும்பகுதி நோய்களில் மாண்டும் போனார்கள். 1868 அக்டோபரில் பூமிக்கடியில் ஓடும் ஹேவர்ட் நிலப்பிளவு நகர்ந்து நிலநடுக்கம் வந்தபோது அதன் மண்கல் தேவாலயம் இடிந்து விழுந்தது. இப்போது நீங்கள் பார்க்கும் தேவாலயம் 1985இல் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியது.

நைல்ஸ் ரயிலால் பிறந்த ஊர். கண்டம் கடந்த ரயில்பாதையைச் சாக்ரமென்டோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரைக்கு இணைத்த தடம் 1869இல் நைல்ஸ் பள்ளத்தாக்கு வழியாகத்தான் வந்தது. இன்னொரு பெருமையும் உண்டு. ஹாலிவுட் முழுதாகத் தலையெடுப்பதற்கு முன் எஸ்ஸனே என்ற படக்கம்பெனி 1912இல் இங்கே வந்து, அடுத்த வருடம் ஸ்டுடியோ கட்டிக் கௌபாய்ப் படங்களாக எடுத்துத் தள்ளியது. 1915இல் சார்லி சாப்ளின் சில மாதம் இங்கே தங்கி நடித்தார். 'தி டிராம்ப்' படத்தின் முடிவில் அவர் தனியாகச் சாலையில் நடந்து போகிறாரே, அந்தக் காட்சி எடுத்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான். 1916இல் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். அந்தக் காலத்துக் கொட்டகை ஒன்று இப்போது மௌனப்பட அருங்காட்சியகமாக இருக்கிறது. சனிக்கிழமை இரவில் பியானோ வாசிப்போடு படம் போடுவார்கள். ஊருக்குள் நிஜமான கடைத்தெரு ஒன்றைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் நைல்ஸ் போங்கள். ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், மறுபக்கம் பழம்பொருள் கடைகள், தலைக்கு மேலே மலைச்சரிவில் பெரிய வெள்ளை எழுத்துகளில் ஊர்ப் பெயர். எனக்கு ஃப்ரீமாண்டில் பிடித்த இடம் அதுதான்.

வார்ம் ஸ்பிரிங்ஸின் கதை தொழிற்சாலையின் கதை. அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் ஜனத்தொகை 1960இல் சுமார் 44,000 ஆக இருந்து 1970இல் ஒரு லட்சத்தைத் தாண்டியதில் அந்த ஆலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் தொடக்கத்தில் அங்கே கார் ஆலை கட்டியது. ஆலைத் தொழிலாளி தன் சம்பளத்தில் மூன்று படுக்கையறை வீடு வாங்க முடிந்த காலம். நீங்கள் பார்த்திருப்பீர்களே, ஒரே தளம், தாழ்ந்த கூரை, முன்னால் கார் கொட்டகை, பின்னால் எலுமிச்சை மரம், அந்த வீடுகளில் முக்கால்வாசி அப்போது கட்டியவைதான். இன்று அதே வீட்டை மென்பொருள் தம்பதியர் இரண்டு சம்பளத்தில் கடன் கட்டி வாங்குகிறார்கள்.

ஆலையின் பெயர் மட்டும் கெட்டுப்போய்க் கிடந்தது. தொழிலாளரும் நிர்வாகமும் கீரியும் பாம்புமாக இருந்தார்கள். ஆள் வராத நாட்களில் உற்பத்தி வரிசையை ஓட்டவே முடியாது. 1982இல் மூடினார்கள். இரண்டே வருடத்தில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து நும்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தன. வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். கோளாறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம். பழைய நிர்வாகத்தில் வரிசையை நிறுத்துவது மன்னிக்க முடியாத குற்றம். கொஞ்ச நாளிலேயே அந்த ஆலையின் தரம் நாட்டின் சிறந்த ஆலைகளோடு போட்டி போட்டது. தொழிலாளி மாறவில்லை, நடத்தும் விதம்தான் மாறியது என்பதற்கு நிர்வாகவியல் வகுப்புகளில் இன்றும் இந்த ஆலையைத்தான் காட்டுகிறார்கள்.

2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி விலகியது. 2010 ஏப்ரலில் டொயோட்டாவும் கதவைச் சாத்த, சுமார் 4,700 பேருக்கு வேலை போயிற்று. மறுமாதமே டெஸ்லா அந்த ஆலையை வாங்கப்போவதாக அறிவித்தது, 4.2 கோடி டாலருக்கு. அவ்வளவு பெரிய ஆலைக்கு அது அடிமாட்டு விலை. 2012இல் மாடல் எஸ் கார் அங்கிருந்து வெளியே வந்தது. இப்போது நகரத்தில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது அதுதான், தலைமையகம் டெக்சாஸுக்குப் போன பிறகும்கூட. அதே சமயத்தில் அரசாங்கம் 53.5 கோடி டாலர் கடனுக்குப் பிணை நின்ற சோலிண்ட்ரா என்ற சூரியத்தகடு கம்பெனியும் இங்கேதான் இருந்தது. அது 2011இல் திவாலாகி, தேர்தல் மேடைகளில் அடிபட்டது. ஒரே ஊரில், அதே சில ஆண்டுகளுக்குள், ஜெயித்ததும் தோற்றதுமாக இரண்டும் நடந்தது.

ரயிலைப் பற்றிக் கேட்டீர்கள் என்றால் சிரிப்புத்தான் வரும். பார்ட் என்கிற விரிகுடாப் பகுதி மின்ரயில் 1972இல் ஓட ஆரம்பித்தபோது தெற்குக் கடைசி நிலையம் ஃப்ரீமாண்ட். தெற்கே இருக்கும் சான்டா கிளாரா மாவட்டம் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. ஆனால் வேலைகள் எல்லாம் போய்க் குவிந்தது அந்தத் தெற்கில்தான், சிலிக்கன் பள்ளத்தாக்கில். ரயில் வடக்கே சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும், ஜனம் தெற்கே கார் ஓட்டும். அடுத்த நிலையமான வார்ம் ஸ்பிரிங்ஸ் திறந்தது 2017இல், அதாவது 45 வருடம் கழித்து. 2020இல் சான் ஹோசேயின் வடக்கு ஓரம் வரை நீட்டினார்கள். இதற்குள் 680, 880 நெடுஞ்சாலைகளில் காலை நேரத்தில் நிற்பது மூன்று தலைமுறைக்குப் பழகிவிட்டது. சென்டர்வில்லில் ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. ஸ்டாக்டனிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக வரும் ஏஸ் ரயில் அங்கே நின்று சான் ஹோசே போகும். உங்கள் அலுவலகம் அந்தத் தடத்தில் இருந்தால் அதை யோசித்துப் பாருங்கள், பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

வந்து குடியேறியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல முடியாது. 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு வந்த அகதிகள் சென்டர்வில் பக்கம் வாடகை குறைவாக இருந்ததால் அங்கே தங்கினார்கள். அமெரிக்காவில் ஆப்கானியர் அதிகம் வாழும் இடங்களில் இது ஒன்றாயிற்று. அந்தக் கடைவீதியைக் குட்டிக் காபூல் என்பார்கள். அங்கே நீளமான நான் ரொட்டியைச் சூடாகக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள், வீடு போய்ச் சேருவதற்குள் பாதி காலியாகிவிடும். மலையடிவாரத்தில் சீக்கியர்கள் கட்டிய குருத்வாராவின் பெயரையே அந்தச் சாலைக்கு நகராட்சி வைத்தது. தைவான், சீனா, இந்தியாவிலிருந்து பொறியாளர்கள் 1980களிலிருந்து வந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 2,30,504. அதில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஆசிய வழியினர். நகரமன்றத்திலும் இது தெரிகிறது. நகரத் திட்டமிடலைத் தொழிலாகக் கொண்ட அனு நடராஜன் நகரமன்ற உறுப்பினராகவும் துணை மேயராகவும் இருந்தார். 2024 தேர்தலில் ராஜ் சல்வான் மேயரானார்.

நம்மவர்களுக்கு வேண்டியவையும் இருக்கின்றன. கலிபோர்னியா தமிழ்க் கழகத்தின் வார இறுதி வகுப்பு இங்கே நடக்கிறது. மளிகைக்குக் குறையே இல்லை. கோயிலுக்குப் பலரும் மலை தாண்டி லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போய்வருகிறார்கள்.

அடுத்து, வீடு தேடும்போது உங்களை உண்மையில் ஆட்டிவைக்கப் போகும் எல்லை பள்ளி எல்லை. மிஷன் சான் ஹோசே உயர்நிலைப் பள்ளிக்கு மாநில அளவில் பெயர். அந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கிறது என்பதற்காகவே ஒரு சாதாரண வீட்டின் விலை எகிறும். வீட்டு விளம்பரத்தில் சமையலறையைப் பற்றி ஒரு வரி, பள்ளிகளைப் பற்றி மூன்று வரி இருக்கும். 2000ஆம் ஆண்டு வாக்கில் பள்ளி நிர்வாகம் எல்லையை மாற்றி ஒரு பகுதிப் பிள்ளைகளை இர்விங்டன் பள்ளிக்கு அனுப்ப முடிவு செய்தது. பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள், தனிப் பள்ளி மாவட்டமாகப் பிரிந்து போகவும் மனுக் கொடுத்தார்கள். அது கைகூடவில்லை. என் கருத்தைக் கேட்டால், அந்த எல்லைக்காகக் கூடுதலாகச் சில லட்சம் டாலர் கொடுப்பது வீண். இர்விங்டன், அமெரிக்கன், வாஷிங்டன் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் நல்ல கல்லூரிகளுக்குப் போகிறார்கள், கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியும் விடுகிறார்கள். மிஷனில் படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசிப் பாருங்கள், போட்டியின் சுமை புரியும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1978இல் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவின்படி சொத்து வரி வாங்கிய விலையில் சுமார் 1 சதவீதம். அதன்பின் மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, வீடு கைமாறும்வரை. எழுபதுகளில் வாங்கிய பெரியவர் கட்டும் வரியைப் போலப் பத்து மடங்கு பக்கத்து வீட்டில் புதிதாக வரும் நீங்கள் கட்டுவீர்கள், தெருவிளக்கு இருவருக்கும் ஒன்றுதான். நகராட்சிக்கும் இதில் சங்கடம். வீடுகளால் வரும் வரி போதாது, விற்பனை வரிதான் கைகொடுக்கும். நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாகக் கார் விற்பனைக் கூடங்களும் பெட்டி பெட்டியான பெருங்கடைகளும் ஏன் என்று கேட்டால் பாதி பதில் இதில் இருக்கிறது. அங்கே போகும் சாலைக்கே ஆட்டோ மால் பார்க்வே என்றுதான் பெயர்.

மலையை மட்டும் காப்பாற்றிவிட்டார்கள். 1981இலும் பிறகு 2002இலும் மக்களே ஓட்டுப் போட்டு மலைச்சரிவில் வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்தினார்கள். ஊரின் கிழக்குப் பக்கம் குளிர்காலத்தில் பச்சையாகவும் கோடையில் பொன்னிறமாகவும் மாடு மேயும் மலை வெறுமனே நிற்பது அதனால்தான். இந்த ஊர் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது இது என்பேன். வீட்டு விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2,517 அடி உயர மிஷன் சிகரத்துக்கு வார இறுதியில் கூட்டம் அலைமோதும். அடிவாரத் தெருக்காரர்கள் பொறுக்கமாட்டாமல், குடியிருப்போர் அனுமதிச் சீட்டு இல்லாமல் கார் நிறுத்தக் கூடாது என்று விதி வாங்கிவிட்டார்கள். இதுவும் எல்லைச் சண்டைதான் பாருங்கள். மேற்கே விரிகுடா ஓரம் உப்பளங்களும் டான் எட்வர்ட்ஸ் பறவைகள் சரணாலயமும். அந்தப் பக்கமும் வீடு வர வழியில்லை. கிழக்கே மலை, மேற்கே சதுப்பு, ஊர் நடுவே மட்டும்தான் அடர முடியும். அதனால் இனி கட்டப்படுவது எல்லாம் பார்ட் நிலையங்களைச் சுற்றி அடுக்கு வீடுகளாகத்தான் வருகிறது, குறிப்பாக டெஸ்லா ஆலைக்கு எதிரே வார்ம் ஸ்பிரிங்ஸில்.

கடைசியாக வீடு பார்க்கும் வேலை. 1868இல் தேவாலயத்தைச் சாய்த்த அதே ஹேவர்ட் பிளவு ஊரின் நடுவே, சென்ட்ரல் பார்க் வழியாகப் போகிறது. ஃப்ரீமாண்ட் பார்ட் நிலையத்தை ஒட்டி ஒரு சின்னக் குளம் இருக்கும், அதுவே பிளவு இறங்கிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான். நிலநடுக்கம் இல்லாத நாட்களிலும் பிளவின் இரு பக்கமும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இர்விங்டன் பக்கம் சில தெருக்களில் நடைபாதை ஓரக்கல்லை உற்றுப் பாருங்கள். நேராகப் போகும் கல்வரிசை ஓரிடத்தில் வெட்டி வைத்ததுபோல் ஒரு சாண் தள்ளிப்போய் மறுபடி நேராகப் போகும். பிளவு மண்டலத்துக்குள் இருக்கும் வீட்டை விற்பவர் அதை எழுத்தில் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். தரகர் நீட்டும் கத்தைக் காகிதங்களில் இயற்கை ஆபத்து அறிக்கை என்று ஒன்று இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அதைப் பிரித்துப் படியுங்கள். அத்தோடு நிலநடுக்கக் காப்பீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் அது சேராது. அவசரம் இல்லை என்றால் முதல் வருடம் இர்விங்டனிலோ சென்டர்வில்லிலோ வாடகைக்கு இருந்துவிட்டு, எந்த ஊர் உங்களுக்கு ஒத்துவருகிறது என்று பார்த்து அப்புறம் வாங்கலாம்.